ஆல்பா பாடத்திட்டம்: கண்ணில் படும் ஜெபமும் கண்ணில் படாத ஜெபமும்

கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றிய கேள்வியோடு வருபவர்களை விருந்தினராக அழைத்து, வாரந்தோறும் சாப்பாடு, பேச்சு, கலந்துரையாடலோடு நடத்தும் பாடம்தான் ஆல்பா. அதை நடத்துவதென்று ஒரு சபை முடிவெடுத்துவிட்டால் முதல் கூட்டத்தில் பேசப்படுவது சாப்பாடு, நாற்காலி, புரொஜெக்டர், அழைப்பிதழ். ஜெபத்தைப் பற்றி யாரும் கேள்வி எழுப்புவதில்லை. ஞாயிறு ஆராதனையில் ஜெபிக்கிறோம், வாரத்தில் ஒருநாள் ஜெபக்கூட்டமும் இருக்கிறது, அதிலே இதையும் ஒரு ஜெபக்குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. பல சபைகளில் ஆல்பா முதல் வாரத்துக்கு முன்பே தளர்ந்துபோவது இங்கேதான்.

பேச்சுகளின் தரம், காணொளியின் அழகு பற்றியெல்லாம் வேறு பலர் எழுதிவிட்டார்கள். இந்த மதிப்பீடு ஜெபத்தின் பக்கத்திலிருந்து மட்டும் ஆல்பாவைப் பார்க்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விருந்தினர் முன்னால் எப்போது ஜெபிப்பது, எவ்வளவு ஜெபிப்பது என்பதில் ஆல்பாவின் கணக்கு அருமையானது. அதன் பெரிய பலம் அதுதான். விருந்தினர் கண்ணில் படாத ஜெபத்தை ஒழுங்குபடுத்தும் வேலையை அது பெரும்பாலும் சபையின் கையில் விட்டுவிடுகிறது. அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லையென்றால் ஆறு மாதம் தள்ளிப்போடுவது நல்லது.

பாடத்திட்டம் உருவான விதத்தைத் தெரிந்துகொண்டால் இந்த அமைப்பு ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும். 1977-ல் லண்டனில் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் என்ற ஆங்கிலிக்கன் சபையில் சார்ல்ஸ் மார்ன்ஹம் என்ற குருவானவர், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்காக நான்கு வார வகுப்பாக இதைத் தொடங்கினார். பின்பு ஜான் இர்வின் அதைப் பத்து வாரமாக நீட்டி, பரிசுத்த ஆவியானவரைப் பற்றிய வார இறுதி முகாம் ஒன்றையும் சேர்த்தார். 1990-ல் பொறுப்புக்கு வந்த நிக்கி கம்பல் அதைச் சபைக்கே வராதவர்களுக்கு ஏற்றபடி திருப்பினார். விசுவாசிகளின் வகுப்பில் யாரையும் கேட்காமல் கண்ணை மூடி ஜெபித்து ஆரம்பிக்கலாம். கடவுள் இருக்கிறாரா என்று கேட்டு வந்தவர் உட்கார்ந்திருக்கும் வட்டத்தில் அப்படிச் செய்தால், அடுத்த வாரம் அவருடைய நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அதனால் ஜெபத்தின் பெரும்பகுதி திரைக்குப் பின்னால் போக வேண்டியதாயிற்று. வெளியே தெரியும் பகுதி வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

பல சபைகள் எடுத்துக்கொள்வது 2016-ல் வெளிவந்த காணொளித் தொடரை. பதிவு செய்யும் சபைகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. வார இறுதியையும் சேர்த்துச் சுமார் 15 பேச்சுகள். ஒவ்வொன்றும் அரை மணி நேரம் அளவில். ஒரு மாலைக்கு மூன்று பகுதி: சாப்பாடு, பேச்சு, சிறுகுழு. ஒரு குழுவில் ஏறக்குறைய 12 பேர். அதில் குழுத் தலைவர்கள் இருவர், உதவியாளர்கள் இருவர், மீதி விருந்தினர்.

முதல் மாலைக்கு முன்னால் ஆறு வாரம்

ஜெபக்குழுவை முதலில் அமைக்க வேண்டும், அதுவும் சமையல், வரவேற்பு, சிறுகுழு எதிலும் இல்லாத ஆட்களைக் கொண்டு. அடுப்பில் பாத்திரம் வைத்திருப்பவருக்கு மனம் அடுப்பில்தான் இருக்கும். வீட்டை விட்டு அதிகம் வெளியே வர முடியாத முதியவர்கள், கைக்குழந்தை உள்ள தாய்மார்கள், மாலை வேளையில் வேலைக்குப் போகிறவர்கள் ஆகியோர் இந்த ஊழியத்துக்குப் பொருத்தமானவர்கள். ஒரு சிறுகுழுவுக்கு இரண்டு பேர் என்பது சரியான அளவு. ஒருவருக்கு முடியாமல் போனாலும் மற்றவர் ஜெபத்தைத் தொடர்வார்.

அடுத்தது பெயர்கள். "அழிந்துபோகிற ஆத்துமாக்களுக்காக" என்று பொதுவாக ஜெபிக்கும் சபையில் அழைப்பு யாருக்கும் போய்ச் சேருவதில்லை. சபையார் ஒவ்வொருவரும் ஒரு அட்டையில் மூன்று பெயர் எழுதட்டும். அட்டை எழுதியவரின் வேதாகமத்திலேயே இருக்கட்டும். எத்தனை அட்டை என்ற எண்ணிக்கை மட்டும் ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிந்தால் போதும். ஒருவருடைய பெயரைச் சொல்லி நாற்பது நாள் ஜெபித்தவருக்கு, அந்த மனிதரை நேரில் பார்க்கும்போது அழைப்பிதழைக் கொடுக்காமல் இருப்பது கடினம். இந்த ஏற்பாட்டின் நடைமுறைப் பலன் அது. அழைப்பை ஒலிபெருக்கி அறிவிப்பாக நான்கு ஞாயிறு சொல்லிப் பார்த்த சபைகளுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

பாடம் தொடங்கிய பிறகு, குழுத் தலைவர் ஒவ்வொரு மாலைக்கும் மறுநாள் காலையில் தன் இரண்டு ஜெபத் துணைகளுக்கு நான்கு வரி அனுப்பினால் போதும். அந்த நான்கு வரியில் என்ன இருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். விருந்தினரின் முழுப் பெயர், வேலை செய்யும் இடம், நோயின் பெயர், குடும்பச் சண்டையின் விவரம் எதுவும் வேண்டாம். "ஒருவர் தூக்கமில்லாமல் தவிக்கிறார், ஒருவர் இந்த வாரம் பேசவே இல்லை" என்ற அளவு தேவனுக்குப் போதுமானது. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வம்பு பரவுவது ஆல்பாவுக்கு வரும் ஆபத்துகளில் மிகவும் சாதாரணமானது, மிகவும் கொடியதும் அதுவே. நூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் ஒரு விருந்தினரின் கண்ணீர்க் கதையைப் போட்டால், அது எப்படியாவது சுற்றி அவருடைய தொலைபேசிக்கே வந்து சேரும். அப்புறம் அவரிடம் எந்தப் பேச்சும் எடுபடாது. இருவருக்கு மட்டும் அனுப்புங்கள். பாடம் முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

கதவு திறக்கும் நேரம்

ஊழியர்கள் விருந்தினருக்கு முன்பே வந்து கூடி ஜெபிப்பது ஆல்பாவின் வழக்கம். நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். இதில் தவறாமல் நடக்கும் ஒரு பிழை உண்டு. யார் எந்த மேசை, மைக் ஏன் கரகரக்கிறது, வராதவருக்குப் பதில் யார் என்று பேசப் பேச முப்பது நிமிடம் ஓடிவிடும். கடைசியில் நின்றபடியே ஒருவர் அவசர ஜெபம் செய்து முடிப்பார். மருந்து எளியது: வரிசையை மாற்றுங்கள். கூடியவுடன் இருபது நிமிடம் ஜெபம், பிறகு பத்து நிமிடம் அறிவிப்பு, மீதி பதினைந்து நிமிடம் அறை வெறுமையாக இருக்கட்டும்.

அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடம் எதற்கு? விருந்தினரில் ஒருவராவது சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிடுவார். கதவைத் தள்ளி உள்ளே பார்க்கும்போது இருபது பேர் கைகோத்து வட்டமாக நின்று கண்ணை மூடிச் சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தால், அவர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத் திரும்பிப் போவார். வந்து போனார் என்பதுகூட நமக்குத் தெரியாது. அதனால் ஜெபம் வேறொரு அறையில் நடக்கட்டும். ஜெப நேரம் முழுக்க ஒருவர் வாசலிலேயே நிற்கட்டும். வாசலில் நிற்பவர் ஜெபத்தைத் தவறவிடுகிறார் என்று யாரும் வருந்த வேண்டாம். வாரத்துக்கொருவர் மாறி நிற்கலாம்.

மாலை முடிந்த பிறகு ஒரு கால் மணி நேரம் ஊழியர்கள் கூடுவதும் பயனுள்ளது. ஒவ்வொரு குழுத் தலைவரும் இரண்டு வரி, பிறகு ஜெபம், உடனே வீடு. அரை மணிக்கு மேல் போனால் அடுத்த வாரம் ஆட்கள் நழுவத் தொடங்குவார்கள். "அவர் வாதம் பண்ணுகிறார், இவர் தேறுவார்" என்று விருந்தினரை எடைபோடும் பேச்சு அங்கே எழுந்தால் பொறுப்பாளர் உடனே நிறுத்த வேண்டும்.

சிறுகுழுவில் முதல் ஜெபம்

ஆல்பாவின் நுட்பம் நன்றாகத் தெரியும் இடம் சிறுகுழு. முதல் சில வாரங்களில் குழுவில் ஜெபமே கிடையாது. வெகுநாள் விசுவாசிகளுக்கு இது நெஞ்சை உறுத்தும். ஜெபிக்காமல் ஒரு கூட்டத்தைக் கலைப்பதா என்று உதவியாளர் ஒருவர் மூன்றாம் வாரமே பொறுக்க முடியாமல் கண்ணை மூடிவிடுவார். பயிற்சியிலேயே இதைத் தெளிவாகச் சொல்லி வைக்க வேண்டும்.

ஏன், எப்படி ஜெபிப்பது என்ற பேச்சு பாடத்தின் நடுப்பகுதிக்கு முன்பே வருகிறது. அந்த வாரமோ அதற்கு அடுத்த வாரமோ, குழு ஒருவரோடு ஒருவர் பழகியிருந்தால், தலைவர் கேட்கலாம்: "இன்றைக்கு ஒரு சின்ன ஜெபத்தோடு முடிக்கலாமா, அல்லது இப்படியே போகலாமா?" வேண்டாம் என்று சொல்ல எளிதாக இருக்கும்படி கேட்பது முக்கியம். ஒரு முகமாவது இறுகினால், இன்னொரு வாரம் பொறுத்திருங்கள்.

சரி என்றால், முதல் ஜெபம் இவ்வளவுதான் இருக்க வேண்டும்: "ஆண்டவரே, இன்றைக்கு மனம் விட்டுப் பேச முடிந்ததற்கு நன்றி. நாளைக்கு நடக்கும் நேர்காணலில் இவரோடு இருங்கள். ஆமென்." பத்து நொடி. "இரும்" என்று சொல்லாமல் "இருங்கள்" என்று சொன்னதைக் கவனியுங்கள். தாரும், அருளும், ஆசீர்வதியும், கிருபாசனம், மகா பரிசுத்தமுள்ள பிதாவே: இவை நமக்குத் தாய்ப்பால் போல. புதிதாக வந்தவருக்கோ, கடவுளோடு பேசுவதற்கு முதலில் ஒரு தனிப் பாஷை கற்க வேண்டும் என்ற எண்ணத்தையே அவை கொடுக்கும். அழகாக ஐந்து நிமிடம் ஜெபிக்கும் திறமை உள்ளவர்தான் இங்கே அதிகம் கவனமாக இருக்க வேண்டும். அவர் முடிக்கும்போது குழுவில் எல்லோரும் நெகிழ்ந்துபோயிருப்பார்கள். ஆனால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பத்து நொடி ஜெபத்தைக் கேட்டவருக்கோ "இவ்வளவுதானா, இதை நானும் சொல்லலாமே" என்று தோன்றும். அது தோன்றுவதற்காகத்தான் அந்த ஜெபமே.

வட்டமாக ஒவ்வொருவராக ஜெபிக்கும் முறையை வைக்கவே கூடாது. தன் முறை நெருங்க நெருங்க ஒருவருக்கு உள்ளங்கை வியர்க்கும். அவர் எதையும் கேட்க மாட்டார். இணைந்து சத்தமாக ஜெபிப்பதும் அந்நியபாஷையில் (ஆவியானவர் தருவதாக நம்பப்படும், கற்றறியாத மொழியில்) ஜெபிப்பதும் குழுவில் வேண்டாம். உதவியாளர்கள் ஒரு ஜெபம் முடிந்தவுடன் அடுத்ததைத் தொடுக்காமல், பத்து நொடி மௌனம் விட்டுக் காத்திருக்க வேண்டும். முதன்முதலாக ஒரு விருந்தினர் வாய் திறப்பது அந்த மௌனத்துக்குள்தான். அவர் "சாமி, எங்க அம்மாவைப் பார்த்துக்கோங்க" என்று சொல்லி நிறுத்திவிட்டால், அந்த ஜெபத்தைச் சரிசெய்தோ நீட்டியோ இன்னொருவர் ஜெபிக்கக் கூடாது. ஆமென் சொல்லிவிட்டு விடுங்கள்.

அடுத்த வாரம் அவர் உள்ளே வந்ததும் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று தலைவர் கேட்க வேண்டும். சிறுகுழு ஜெபத்தில் மிக அதிகமாகத் தவறவிடப்படும் காரியம் இதுதான். ஜெபித்ததை நாமே மறந்துவிட்டால், அந்த ஜெபத்துக்கு நாம் எவ்வளவு மதிப்புக் கொடுத்தோம் என்பதை அவர் கணக்குப் போட்டுக்கொள்வார். குழுத் தலைவரின் கைப்பையில் ஒரு சின்னக் குறிப்பேடு இருந்தால் போதும்.

ஆரம்ப வாரங்களில் பேச்சாளர், தன்னை இயேசுவிடம் ஒப்புக்கொடுக்கும் ஜெபம் ஒன்றைச் சொல்லிக்கொடுக்கும் இடமும் வரும். அதற்கு மூன்று சொற்களில் ஒரு அமைப்பு உண்டு: மன்னியுங்கள், நன்றி, தாருங்கள். காணொளியில் அது சீக்கிரம் ஓடிவிடும். நேரில் பேசுபவர் இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் பின் மூன்று நான்கு நொடி இடைவெளி விட்டு நிதானமாகச் சொல்வது நல்லது. கையை உயர்த்தச் சொல்வது, முன்னால் வரச் சொல்வது, எத்தனை பேர் ஜெபித்தீர்கள் என்று எண்ணுவது மூன்றும் வேண்டாம். ஆல்பாவில் ஒருவர் தீர்மானம் எடுப்பது இரண்டாம் வாரமாகவும் இருக்கலாம், வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதாகவும் இருக்கலாம். எண்ணிக்கைக்காகத் துடிக்கும் கமிட்டிக்கு இதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும்.

வார இறுதி

பாடத்திட்டம் முழுவதும் இந்த வார இறுதியை நோக்கித்தான் நகர்கிறது. பரிசுத்த ஆவியானவர் யார், அவர் என்ன செய்கிறார், நான் எப்படி அவரால் நிரப்பப்படுவது என்று மூன்று பேச்சு. கூடவே மீதி வாழ்வை எப்படி வாழ்வது என்று இன்னொன்று. மூன்றாம் பேச்சு அப்போஸ்தலர் நடபடிகளில் ஆவியானவர் இறங்கிய இடங்களைத் தொட்டுப் போகிறது. பிறகு லூக்கா 11-ம் அதிகாரத்துக்கு வந்து, கேட்பதற்குத் தடையாக நிற்கும் சந்தேகம், பயம், தகுதியில்லை என்ற உணர்வு ஆகியவற்றைப் பேசுகிறது. அதன் முடிவில் "வாரும், பரிசுத்த ஆவியானவரே" என்று எளிய அழைப்பு. பிறகு காத்திருப்பு.

இந்தக் காத்திருப்பைக் கெடுப்பவர்கள் நாம்தான். மௌனம் பதினைந்து நொடியைத் தாண்டியதும் மேடையில் இருப்பவருக்குப் பதற்றம் வரும். கீபோர்டைக் கையசைத்து உசுப்புவார், அல்லது தானே இன்னொரு ஜெபத்தைத் தொடங்குவார். முழுதாக இரண்டு நிமிடம் விடுங்கள். "இப்போது இரண்டு நிமிடம் அமைதியாக இருக்கப்போகிறோம், ஒன்றும் செய்ய வேண்டியதில்லை" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் விருந்தினருக்கும் பயமிருக்காது.

அதன் பின் தனித்தனியாக ஜெபம். இதற்கான கட்டுப்பாடுகளை ஆல்பாவின் ஊழியர் பயிற்சி நன்றாகச் சொல்கிறது. இந்தப் பாடத்திட்டத்தில் மிகவும் மதிக்கத்தக்க பகுதி என்று எங்களுக்குத் தோன்றுவது அதுதான். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் ஜெபிக்க வேண்டும். இருவராக நிற்க வேண்டும். ஒருவர் ஜெபிக்க, மற்றவர் மனதுக்குள் தாங்க வேண்டும். முதலில் பெயரைக் கேளுங்கள், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கேளுங்கள், அவர் சொல்லும்வரை பேசாதிருங்கள். கை வைக்கலாமா என்று கேளுங்கள். சரியென்றால் தோளின்மேல் லேசாக, அவ்வளவே. தலையை அழுத்துவதும் முன்னும் பின்னும் அசைப்பதும் கூடாது. தானாக விழாதவர் மீது நம் கைப்பாரம் இறங்கினால் அது ஆவியானவரின் கிரியை ஆகாது. ஜெபிப்பவர் கண்களைத் திறந்து வைத்திருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் அழுகிறாரா, நடுங்குகிறாரா, போதும் என்று நினைக்கிறாரா என்பது கண்ணைத் திறந்தால்தான் தெரியும்.

அந்நியபாஷையில் பேசச் சொல்லி வற்புறுத்துவது, "இந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லுங்கள், வந்துவிடும்" என்று கற்றுக்கொடுப்பது இரண்டும் விருந்தினரை வருடக்கணக்கில் காயப்படுத்தக் கூடியவை. ஒன்றும் உணரவில்லை என்று ஒருவர் சொன்னால், "உணர்வு வேறு, அவர் தருவது வேறு, கேட்டதைத் தருவேன் என்று சொன்னவர் உண்மையுள்ளவர்" என்று சொல்லி நிறுத்துங்கள். "இன்னும் உங்களுக்குள் ஏதோ தடை இருக்கிறது" என்று சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஒருவருக்குச் சராசரி பத்து நிமிடம் ஆகும். இருபது விருந்தினர், நான்கு ஜோடி ஜெபிப்பவர்கள் என்றால் ஒரு ஜோடிக்கு ஐந்து பேர். ஐம்பது நிமிடம் தேவை. நிகழ்ச்சி நிரலில் இருபது நிமிடம் போட்டு, அடுத்து மதிய உணவு என்று எழுதும் சபைகள் எத்தனையோ. வரிசையில் நிற்பவரைப் பார்த்ததும் ஜெபிப்பவர் அவசரப்படுவார். "எதற்காக ஜெபிக்க வேண்டும்" என்ற கேள்விதான் முதலில் காணாமல் போகும். ஜோடிகளைக் கூட்ட முடியாவிட்டால் நேரத்தைக் கூட்டுங்கள். ஆண், பெண் எண்ணிக்கையையும் பாருங்கள். பன்னிரண்டு பெண்கள் வரும் முகாமில் பெண் ஜோடி ஒன்றுதான் இருக்கிறது என்பது அங்கே போய்க் கண்டுபிடிக்கக்கூடிய காரியமில்லை. ஜெபிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி நான்கு, தண்ணீர், காகிதக் கைக்குட்டை இருக்கட்டும். ஜெபம் வேண்டாம் என்பவர்கள் சங்கடமில்லாமல் எழுந்து போக, பின்பக்கம் ஒரு கதவு திறந்திருக்கட்டும்.

முகாமை ஒரே நாளாகச் சுருக்கும் சபைகள் அதிகம். செலவும் விடுமுறையும் காரணம். குறை சொல்ல முடியாது. ஆனால் இரவில் தங்குவதில் ஒரு பலன் இருக்கிறது: முதல் இரண்டு பேச்சுகளைக் கேட்டவர் இரவு வெகுநேரம் நண்பரோடு பேசி, தூங்கி எழுந்து, மறுநாள் மூன்றாம் பேச்சுக்கு வருகிறார். ஒரே நாளில் நடத்தினால் இரண்டாம் பேச்சுக்கும் மூன்றாம் பேச்சுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள்: சாப்பாடு, நடை, சும்மா இருத்தல். ஜெபம் முடிந்தவுடன் வீட்டுக்கு அனுப்பிவிடாமல், தேநீரோடு ஒரு அரை மணி இருக்க வையுங்கள். அழுது முடித்தவர் அந்த முகத்தோடு தனியாகப் பேருந்து ஏறக் கூடாது.

ரகசியம் காக்கப்படும் என்று சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ, ஒரு குழந்தைக்கு நடக்கும் கொடுமையோ வெளிவந்தால், அதற்கென்று நியமிக்கப்பட்டவரிடம் அன்றே சொல்லியாக வேண்டும். "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டால் ஜெபித்தவர் மாட்டிக்கொள்வார். இளைஞர்களுக்கான ஆல்பாவில் பெற்றோரின் அனுமதி, எப்போதும் இரண்டு பெரியவர்கள், எல்லோர் கண்ணிலும் படும் இடம் ஆகிய மூன்றிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சுகமாக்குதல் பற்றிய மாலை

வார இறுதிக்குப் பிறகு, தேவன் இன்றும் சுகமாக்குகிறாரா என்ற பேச்சு வரும். ஊழியர்களில் சிலர் "அறிவை உணர்த்தும் வசனம்" என்று, அதாவது ஒருவருடைய தேவையைத் தேவன் உணர்த்தியதாக நம்பி, தங்களுக்குத் தோன்றியதைச் சொல்வதும், அதற்குப் பதில் கொடுப்பவர்களுக்காக ஜெபிப்பதும் இந்த மாலையின் வழக்கம். சொல்லும் விதத்தில் இருக்கிறது எல்லாம். "ஒருவருக்கு இடது தோள்மூட்டில் வலி இருக்கலாம் என்று தோன்றுகிறது, தவறாகவும் இருக்கலாம்" என்று சொன்னால் யாருக்கும் கட்டாயமில்லை. "யாருக்கோ தலைவலி" என்பது எந்தக் கூட்டத்துக்கும் பொருந்தும், சொல்லாமலே விடலாம். கூட்டத்தில் எழுந்து ஒப்புக்கொள்ள வெட்கப்படும் வியாதிகளைப் பெயரிட்டுச் சொல்லக் கூடாது.

மருந்தை நிறுத்தும்படி யாரும், எந்தச் சூழ்நிலையிலும் சொல்லக் கூடாது. இந்த ஒரு வரியை ஊழியர் கூட்டத்தில் உரக்க வாசித்து, எல்லோரும் கேட்டார்கள் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சுகம் கிடைத்தது என்று ஒருவர் சொன்னால், மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்யும்படி சொல்வது அவிசுவாசமாகாது. கிடைக்கவில்லை என்றால், அவருடைய விசுவாசத்தைக் கை காட்டாமல், மறுவாரமும் அவருக்காக ஜெபிப்பதுதான் ஊழியம்.

எங்கே குறை

ஊழியர் பயிற்சி குறைவு. சிறுகுழுவுக்கு ஒன்று, ஜெபத்துக்கும் வார இறுதிக்கும் ஒன்று என்ற அளவில் காணொளிகள் இருக்கின்றன. சொல்வது எல்லாம் சரி. ஆனால் ஜெபிப்பதைப் பார்த்துக் கற்க முடியாது. காணொளிக்குப் பிறகு ஊழியர்களை மூவர் மூவராகப் பிரித்து, ஒருவர் விருந்தினராக நிற்க, இருவர் ஜெபிக்க, முறை மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் பழகச் சொல்லுங்கள். தன் மேல் யாரோ கேட்காமல் கை வைக்கும்போது எப்படி இருக்கிறது என்பது விருந்தினராக நின்றவருக்கு அப்போதுதான் புரியும். இந்த ஒத்திகையைத் தவிர்த்த சபைகளில்தான் வார இறுதியில் பழைய பழக்கங்கள் தலைதூக்கும்.

இரண்டாவது குறை நிறைய விவாதிக்கப்பட்டது. ஆவியானவருக்கு இவ்வளவு இடம் கொடுத்து, பாவம், நியாயத்தீர்ப்பு போன்றவற்றைக் குறைவாகத் தொடுகிறது என்று வேறு மரபுகளைச் சேர்ந்தவர்கள் சொல்வது உண்டு. அது ஒரு நியாயமான கேள்விதான். ஆனால் அதற்காக வார இறுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியை நடத்துவதை எங்களால் பரிந்துரைக்க முடியாது. ஜெபத்தை இவ்வளவு பொறுமையாகக் கட்டிக்கொண்டு வந்து, கேட்கும் இடத்தில் கதவை மூடுவது போலாகும் அது. அப்படி ஜெபிக்க மனச்சாட்சி இடம் தராத சபைக்கு கிறிஸ்டியானிட்டி எக்ஸ்ப்ளோர்ட் பொருத்தமானது. லண்டனின் ஆல் சோல்ஸ் லாங்கம் பிளேஸ் சபையில் தொடங்கிய அது, மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொண்டு ஏழு வாரமும் ஒரு நாள் கூடுகையுமாகப் போகிறது. விருந்தினரைச் சத்தமாக வாசிக்கவோ ஜெபிக்கவோ பாடவோ கேட்கமாட்டோம் என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிடுகிறது. விருந்தினருக்குப் பாதுகாப்பு என்ற வகையில் அந்த வாக்கு பெரியது. முதல் வாரம் வாயே திறக்காதவர் எட்டாம் வாரம் தன் குழுவுக்காக ஒரு வரி ஜெபிப்பதைக் காணும் வாய்ப்பு ஆல்பாவில்தான் அதிகம்.

இணைய வழி ஆல்பா 2020-க்குப் பிறகு பரவியது. பேச்சும் குழுவும் அதில் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடக்கின்றன, ஜெபம்தான் சிரமம். திரையில் மௌனம் வந்தால் இணைப்பு போய்விட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். அதனால் "ஒரு நிமிடம் மௌனம்" என்று சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். தனி அறைகளுக்கு அனுப்பும்போது ஜெபிப்பவர் இருவர் இருக்கிறார்களா என்று பாருங்கள், பதிவு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். கை வைக்க வழியில்லாத இடத்தில், ஜெபிப்பதற்கு முன் அவரை அதிக நேரம் பேசவிட்டுக் கேட்பதுதான் அந்தக் குறையைக் கொஞ்சம் நிரப்பும்.

கடைசி மாலைக்குப் பின் என்ன என்பதில்தான் சபைகள் மிகவும் ஏழையாக இருக்கின்றன. பாடம் முடிந்த வாரமே ஜெபத் துணைகள் கலைந்துவிடுகிறார்கள். விருந்தினர் தடுமாறத் தொடங்குவதும் அப்போதுதான். பெயர்களை இன்னும் மூன்று மாதத்துக்கு அதே இருவர் கையில் விடுங்கள். முடிந்த இரண்டாம் வாரத்தில் அதே குழு ஒரு முறை சாப்பிடக் கூடட்டும். அடுத்த ஆல்பாவுக்கு உதவியாளர்களைத் தேடும்போது இந்தக் குழுவிலிருந்தே ஒருவரைக் கேளுங்கள். போன முறை "எங்க அம்மாவைப் பார்த்துக்கோங்க" என்று ஜெபித்தவரை, அடுத்த முறை முதல் பத்து நொடி ஜெபத்தைச் சொல்லும்படி கேளுங்கள். அவருக்கு நீளமாக ஜெபிக்க இன்னும் தெரியாது. புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவருக்கு அது போதும்.